விடு என்றால் யாருக்கு

மஸ்கட்டில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு 1998-இல் நான் திண்டுக்கல்லுக்குத் திரும்பினேன். கொண்டுவந்த சாமான்களில் நாகல் நகரே கூடிநின்று வேடிக்கை பார்த்தது ஒரு பலகையைத்தான். நாலரை அடி நீளம். இரண்டு முனையும் லேசாக மேலே வளைந்திருக்கும். நடுவில் இரண்டு காலையும் நுழைத்துக்கொள்ள ரப்பரில் ஜோடு.

"என்னங்க இது, இஸ்திரி போடுற பலகையா?" என்றாள் என் மனைவி ஏஞ்சலின்.

"இதுல நின்னுக்கிட்டு தண்ணி மேல போகணும்டி. முன்னால மோட்டார் போட் கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போகும்."

"அதுக்கு அந்தப் போட்டுலயே உக்காந்து போயிறலாமே."

நான் பலகையைத் தூக்கிச் சுவரில் சாத்தினேன்.

அங்கே நான் ஒரு கடற்கரை ஹோட்டலில் வேலை பார்த்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கும் துரை ஒருவர் இருந்தார். இதற்கு மூன்று பேர் வேண்டும். ஒருவன் முன்னால் பார்த்துப் போட்டை ஓட்டுவான். ஒருவன் பலகையில் நிற்பான். மூன்றாமவன் போட்டில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பலகைக்காரன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், அங்கே நடப்பதை ஓட்டுபவனுக்குச் சொல்ல வேண்டும். நான் அந்த மூன்றாமவன். ஒன்பது வருஷமும் போகிற திசைக்கு முதுகைக் காட்டியே பயணம் செய்த ஆள் என்று ஏஞ்சலின் கேலி செய்வாள்.

துரை முதல் நாளே ஒரு சட்டம் சொன்னார். பின்னால் பார்ப்பவனின் வாய் ஓட்டுபவனுக்கு மட்டும்தான் சொந்தம். தண்ணீரில் இருப்பவனோடு கையால் பேசு, கத்தாதே. கத்தினால் யாருக்குச் சொல்கிறாய் என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் போகும். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இதை மறந்தவன் நான்தான்.

ஆத்தூர்ப் பக்கம் ஒத்தப்பனைக் கண்மாய் என்று ஒன்று. அதன் கரையில் தோப்பு வாங்கிப்போட்டிருந்த மில் முதலாளி ஒருவருக்கு மோட்டார் போட் விடுகிற ஆசை வந்தது. போட்டை வாங்கிய பிறகுதான் அதை வைத்து என்ன செய்வது என்று யோசித்தார். பணக்காரர்கள் அப்படித்தான். யாரோ என் பலகையைப் பற்றிச் சொல்ல, ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் டவுன் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது என்று முடிவாயிற்று. எனக்கு வேறு என்ன வேலை? ஊரில் ஒரு கடை போட்டு, எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி தண்ணீர் வாசம் அடித்ததும் புத்தி மயங்கிவிட்டது.

போட் ஓட்ட ஆள் வேண்டும். சங்கிலியைக் கூப்பிட்டேன். செம்பட்டி வழியில் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். கண்மாய்க்குத் தெற்கே அவனுக்கு ஒரு ஏக்கரில் மல்லிகை. என்னைவிட நாலு வயது இளையவன், பள்ளிக்கூட நாளிலிருந்து 'அண்ணே, அண்ணே' என்று பின்னாலேயே வருகிறவன். நான் மஸ்கட்டில் இருந்தபோது என் அம்மா செத்ததற்குக் குழி வெட்டியதிலிருந்து மெழுகுத்திரி ஏற்றியது வரை அவன்தான். நான் வந்து சேர்ந்தது எட்டாம் நாள்.

"அண்ணே, ரோட்டுல ஓட்டுறவன தண்ணியில ஓட்டச் சொல்றியே, பிரேக் எங்கன இருக்கு?" என்றான்.

"பிரேக்கே கெடையாதுடா."

"அப்பச் சரி. என் பஸ்சுலயும் கெடையாது."

அவனுக்குப் புரிகிற மாதிரி நான் பஸ் பாஷையையே வைத்தேன். கிளம்பு என்பதற்கு 'ரைட்'. நிறுத்து என்பதற்கு 'ஹோல்டான்'. கண்டக்டர் சொல்வது போல நான் பின்னாலிருந்து சொல்ல வேண்டும், அவன் திரும்பிப் பார்க்காமல் செய்ய வேண்டும். ஒரே வாரத்தில் அவன் துரையின் டிரைவர்களைவிடச் சுத்தமாக ஓட்டினான். நான் பெருமையில் மிதந்தேன்.

பிள்ளைகளுக்கு முதல் மூன்று வாரம் தண்ணீரே கிடையாது. கரை மணலில்தான் பாடம். மிதவைச் சட்டையை மாட்டி, அதன் தோள் பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பேன். காதுக்கு மேல் ஏறினால் பட்டையை இன்னும் இறுக்க வேண்டும். பிறகு பலகையில் காலை நுழைத்துக் குந்த வைப்பேன். முட்டி நெஞ்சைத் தொடணும், கை நீட்டியபடி இருக்கணும். நான் கயிற்றை இழுப்பேன். "நீ எழுந்திரிக்காத, கயிறு உன்னைய எழுப்பும்" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்பு ஒன்றே: கயிற்றைத் தன் பக்கம் இழுப்பது. காரில் வந்தாலும் கிணற்றில் வாளி இழுக்கிற ஊர்க்காரப் பிள்ளைகள் வேறு எப்படிச் செய்யும்.

எல்லாவற்றுக்கும் மேலான பாடம், விழுந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பது. விழுந்த பிறகு பிடித்துக்கொண்டிருந்தால் போட் ஆளைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும். விட்டுவிட்டால் மிதவைச் சட்டை தூக்கி நிறுத்திவிடும், போட் சுற்றி வந்து ஏற்றிக்கொள்ளும். இது சொல்வதற்குச் சுலபம். நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சே 'கெட்டியாப் பிடிச்சுக்க' என்பதுதானே. மணலில் விழும்போதும் பிடியை விடமாட்டார்கள். அதனால் துரையின் கைச் சாடையெல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு, "விடு" என்று கத்துவதையே வழக்கமாக்கினேன். நம் ஊரில் சொல்லிக்கொடுப்பது என்றாலே கத்துவதுதானே. பிள்ளைகளும் அந்த ஒரு சொல்லுக்கு விரலைத் திறக்கப் பழகினார்கள்.

சங்கிலியின் மகள் கீர்த்தனாவுக்குப் பன்னிரண்டு வயது. டவுன் பிள்ளைகள் காரில் வந்து இறங்குவதைப் பூத் தோட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் அப்பன் பின்னாலேயே வந்துவிட்டாள். "பெரியப்பா, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். ஒல்லிக் கை. அம்மா ஒச்சம்மாளோடு உட்கார்ந்து மல்லிகை கட்டினால், அம்மா ஒரு முழம் கட்டுவதற்குள் இவள் இரண்டு முழம் கட்டுவாள். அந்த விரல்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இப்போது சொல்லவே கூசுகிறது.

அன்றைக்கு மணலில் பாடம் நடந்துகொண்டிருந்தது. சங்கிலி பெட்ரோல் கேனை எடுத்துவரப் போயிருந்தான். பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, கீர்த்தனா கையைத் தூக்கினாள்.

"பெரியப்பா, ஒரு சந்தேகம்."

"கேளு தாயி."

"அப்பா பஸ்சுல, சந்துக்குள்ள போகையில, கண்டக்டர் மாமா 'விடு விடு'ம்பாரு. அப்பா வெரட்டிப் போவாரு. இங்கன நீங்க விடுன்னா, அது எனக்கா, அப்பாவுக்கா?"

எவ்வளவு சரியான கேள்வி. மஸ்கட் துரை இருந்திருந்தால் அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருப்பார். நானோ இடுப்பில் கை வைத்துச் சிரித்தேன்.

"ஏ அறிவுக்கொழுந்தே, உங்கப்பனுக்கு ரைட்டு, ஹோல்டான்னு தனியா வச்சிருக்கேன். அவன் என்ன பச்சப் புள்ளையா? நீ ரொம்ப யோசிக்காத, உள்ள இருக்க கொஞ்ச மூளையும் கரைஞ்சு போகும்."

டவுன் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு மணலைக் கிள்ளினாள். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை. சங்கிலி கேனோடு வந்து, "என்ன சிரிப்பு?" என்றான். "ஒண்ணுமில்லடா, உன் மக பெரிய வக்கீலா வருவா" என்றேன்.

தண்ணீரில் இறங்கிய முதல் இரண்டு முறையும் கீர்த்தனா எழும்புவதற்கு முன்பே கயிற்றை விட்டுவிட்டாள். பயம். கரையில் நின்ற பிள்ளைகள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். இரண்டாம் முறை ஈரத்தோடு போட்டில் ஏறி உட்கார்ந்து, அழுகையை அடக்கிக்கொண்டு அப்பாவின் முதுகையே பார்த்தபடி வந்தாள். சங்கிலி திரும்பாமல் போட்டைக் கரைக்கு ஓட்டினான். ஆனால் அவனுக்குச் சுருக்கென்றிருந்தது எனக்குத் தெரியும்.

இரண்டாயிரமாவது வருஷம், காணும் பொங்கல். கண்மாய்க் கரை முழுக்க ஜனம். கரும்பும் கையுமாக ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. முதலாளி மைக் செட் போட்டிருந்தார். ஒச்சம்மாள் புதுச் சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள். மூன்று டவுன் பிள்ளைகள் எழும்பி, ஓடி, விழுந்து, கையைத் தூக்கிக் காட்டி, ஜனங்கள் விசிலடித்தாயிற்று. நாலாவது கீர்த்தனா.

அவள் தண்ணீரில் குந்தியபடி கயிற்று முனையில் கட்டியிருந்த பிடிகட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். சங்கிலி, வழக்கத்துக்கு மாறாகத் திரும்பி, மகளைப் பார்த்துச் சொன்னான்.

"இந்தத் தடவ விட்றாத புள்ள."

விட்டுக்கொடுத்துவிடாதே, மனசைத் தளரவிடாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். எந்தத் தகப்பனும் சொல்வதுதான். சொல்லிக்கொடுக்கிறவன் நான், அந்த இடத்தில் "விழுந்தா விட்றணும் தாயி" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்க வேண்டும். மைக்கில் என் பேரைச் சொன்னார்கள். நான் கூட்டத்துக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ரைட்" என்றேன்.

எழும்பிவிட்டாள். கை நீட்டியபடி, முட்டி மடக்கி, நான் சொல்லித்தந்தது அப்படியே. ஒரு பத்து எண்ணும் நேரம் நின்றிருப்பாள். கரையில் ஒச்சம்மாள் குலவை போட்டாள். பிறகு பலகையின் முன்முனை தண்ணீரில் குத்தி, பக்கவாட்டில் விழுந்தாள். விழுந்த வேகத்தில் கயிறு தொய்ந்து அவளைச் சுற்றி வளையமாகக் கிடந்தது. அவள் தலை தெரிந்தது, வலது கைப் பக்கம் கயிற்றுக் கட்டையும் தெரிந்தது. போட் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த நொடியில் என் வாய் சொல்ல வேண்டிய சொல் ஹோல்டான். சங்கிலிக்கு. அது ஒன்றுதான் என் வேலை.

நான் அவளைப் பார்த்து, "விடு! விடு!" என்று கத்தினேன்.

சங்கிலிக்குக் கேட்டது ஜனங்களின் விசிலும், மனைவியின் குலவையும், என் 'விடு விடு'வும். மகள் நின்றுவிட்டாள், அண்ணன் வேகம் கேட்கிறான் என்று நினைத்திருக்கிறான். பதினைந்து வருஷம் கண்டக்டர் குரலுக்குக் கால் அழுத்தியவன். மோட்டார் கைப்பிடியை முழு வேகத்துக்குத் திருகிவிட்டான்.

தொய்ந்து கிடந்த கயிறு விறைத்தது. அதற்குள் ஒரு சுற்று அவள் மணிக்கட்டில் விழுந்திருந்தது. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். நான் ஹோல்டான் என்று அலறி, போட் நின்றபோது, ஒச்சம்மாளின் குலவை இன்னும் முடிந்திருக்கவில்லை.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கேட்டார். பக்கத்தில் தரையில் சங்கிலி உட்கார்ந்திருந்தான். நான் சொன்னேன்: "விழுந்ததும் கயித்த விடச் சொல்லிக் கத்துனேன் சார். புள்ள விடல." அவர் எழுதிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் பொய் என்றால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கத்தியது நிஜம். அவள் விடவில்லை என்றுதான் நானும் நினைத்தேன், அல்லது நினைக்க விரும்பினேன்.

தரையில் இருந்த சங்கிலி தலையில் அடித்துக்கொண்டான்.

"அவ எப்படிண்ணே விடுவா? நாந்தான விட்றாதன்னு சொன்னேன். நீ புள்ளைக்குச் சொன்னத எனக்குன்னு நெனச்சுத் திருகுனதும் நாந்தான்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். டே, கத்தியது என் தப்பு, கத்தக் கூடாது என்று எனக்குச் சட்டமே இருந்தது, உன் மகள் இதைத்தான் அன்றைக்கே கேட்டாள், நான் சிரித்தேன். நாலு வரி. நான் அவன் தோளில் கை வைத்து, "அழுகாதடா" என்றேன். அவன் என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான்.

முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டு, போட்டை யாரிடமோ தள்ளிவிட்டார். சங்கிலி அதற்குப் பிறகு எந்த வண்டியும் தொடவில்லை. மினி பஸ் வேலையை விட்டு, மல்லிகையோடு கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை பூவைப் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு, நான் முதல் பூசை முடிந்து வரும் நேரத்துக்கு என் மோட்டார் கடைக்கு வருவான். இரண்டு டீ, இரண்டு பருப்பு வடை. மழை, பூ விலை, ஒச்சம்மாளின் முழங்கால் வலி எல்லாம் பேசுவான். எழுந்திருக்கும்போது தவறாமல் ஒன்று சொல்வான்.

"அன்னைக்கு விட்றாதன்னு மட்டும் சொல்லாம இருந்திருந்தேன்னா…"

நான் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். தவக்காலம் தோறும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கோபம் சொன்னேன், குடி சொன்னேன், பொறாமைகூடச் சொன்னேன். இது பொய் இல்லையே என்று இதை மட்டும் சொல்லவில்லை.

கீர்த்தனா இடது கையால் எழுதப் பழகி, பன்னிரண்டாவது முடித்தாள். செம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடித்தாள். சாயங்காலம் கால் பெருவிரலில் நாரை மாட்டி இழுத்து வைத்துக்கொண்டு, இடது கையால் பூக் கட்டினாள். ஒரு முழத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒச்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டுவாள்.

2008 ஆவணியில் நத்தம் பக்கமிருந்து, மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம், பெண் பார்க்க வந்தது. கையைப் பற்றி முன்பே சொல்லித்தான் வரவழைத்திருந்தார்கள். வந்து, கேசரி சாப்பிட்டு, பெண் நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் தரகர் வந்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தாலி கட்டும்போது பெண் எந்தக் கையைக் கூப்புவாள் என்ற யோசனை வந்துவிட்டதாகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கிலி வடையைத் தொடவில்லை.

"என் வாயிதாண்ணே அவ கைய வாங்கிருச்சு" என்றான்.

அவன் போன பிறகு கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. அப்போதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள். அந்தப் பிள்ளை மட்டும் அன்றைக்கு விட்டிருந்தால் என்றுதான் போனது.

புதன்கிழமை கீர்த்தனா கடைக்கு வந்தாள். மிக்சி எரிந்துபோய்விட்டதாம். அதை வலது முழங்கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். நான் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். காயில் கருகியிருந்தது.

"செத்த நேரம் உக்காரு தாயி. சுத்திக் குடுத்துறேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் செப்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தேன். இருபது வயதுப் பெண். நல்ல முகம். வலது கையைத் தாவணி முந்தியில் மறைத்திருந்தாள். எனக்கு என்ன பேய் பிடித்ததோ, கேட்டுவிட்டேன்.

"ஏன் தாயி, அன்னைக்கு நான் அம்புட்டுக் கத்துனேனே. ஏன் கயித்த விடல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. நான் இத்தனை நாள் இது தெரியாமலா இருந்தேன் என்கிற ஆச்சரியம்தான்.

"நான் விட்டுட்டேன் பெரியப்பா" என்றாள். "நீங்க சொன்னதுமே விட்டுட்டேன். கயிறுதான் விடல."

என் கையிலிருந்த கம்பி அறுந்துபோனது.

"உங்கப்பாகிட்ட… சொன்னியா?"

"இல்ல."

"அவன் விட்றாதன்னு சொன்னதாலதான் நீ விடலன்னு நெனச்சுக்கிட்டுத் திரியிறான், தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

அவள் தாவணி முந்தியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டாள்.

"சொன்னா, அப்ப என்னதான் நடந்துச்சுன்னு கேப்பாரு. நான் மணல்ல ஒங்ககிட்டக் கேட்ட கேள்விய சொல்லணும். எல்லாரும் சிரிச்சதையும் சொல்லணும். அப்புறம் அப்பா இங்கன வருவாரா? அவருக்கு ஒங்கள விட்டா பேச யாரு இருக்கா?"

நான் அறுந்த கம்பியின் முனையைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டு வயதில் ஒரு கையை இழந்த பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு டீயை அப்பாவுக்காக எட்டு வருஷம் காப்பாற்றி வைத்திருக்கிறது. நான் என் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். மிக்சியைச் சுற்றிக் கொடுத்தேன். கூலி என்ன என்று கேட்டாள். போ தாயி என்று சைகைதான் காட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. கடையைத் திறந்து காத்திருந்தேன். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், தெரியும். ஆனால் இன்னொரு ஞாயிறு அவன் எழுந்து நின்று அந்த ஒரு வரியைச் சொல்ல, நான் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். டீ வந்தது. அவன் வடையைப் பிட்டபோது சொன்னேன்.

"சங்கிலி, கீர்த்தனா அன்னைக்குக் கயித்த விட்டுட்டாடா."

அவன் கை அப்படியே நின்றது.

"கயிறு கையில சுத்திக்கிச்சு. அவ விடாம இல்ல. நீ சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. போட்டு மெதுவாத்தான் போச்சு. நான் ஹோல்டான்னு சொல்லியிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது. விழுந்த ஆளுகிட்டக் கத்தக் கூடாதுன்னு எனக்கு மஸ்கட்டுலயே சொல்லியிருக்காங்க. கத்துனா டிரைவருக்குக் கொழப்பம் வரும்னு. நான் கத்துனேன்."

"ம்" என்றான்.

"இன்னொண்ணும் இருக்கு. விடுன்னா எனக்கா அப்பாவுக்கான்னு அவ எங்கிட்ட முன்னாடியே கேட்டா. நீ பெட்ரோல் எடுக்கப் போயிருந்த அன்னைக்கு. நான் எல்லாப் புள்ளைக முன்னாடியும் அவளக் கேலி பண்ணிச் சிரிச்சேன்."

கடைக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் போனது.

"அவ விட்டுட்டாளா?" என்று கேட்டான்.

"விட்டுட்டா."

"எம்புட்டு நாளாத் தெரியும் ஒனக்கு?"

"அவ விட்டது போன புதன்கிழமதான் தெரியும்."

"மத்தது?"

"அன்னைக்கே தெரியும்."

அவன் வடையைத் தட்டில் வைத்தான். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அவன் அடித்தால் நன்றாக இருக்கும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் ஒருவன் இன்னொருவன் அடிக்காகக் காத்திருப்பது சிரிப்பாக இருக்கலாம், எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவன் எழுந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"விடுண்ணே" என்றான்.

அவ்வளவுதான். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ரோட்டைக் கடந்து போய்விட்டான். எட்டு வருஷமாகச் சொன்ன அந்த வரியை அன்றைக்குச் சொல்லவில்லை. நான் கடைக்குள் உட்கார்ந்து அழுதேன். மன்னித்துவிட்டான் என்றுதான் அழுதேன். நம் ஊரில் தாங்க முடியாத எதற்கும் கடைசியாகச் சொல்கிற சொல் அதுதானே. போனது போகட்டும், விடு.

மறு ஞாயிறு இரண்டு டீ சொன்னேன். அவன் வரவில்லை. பூ அதிகமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னேன். நாலாவது வாரம் டீக்கடைக்காரன் ஒரு கிளாசை மட்டும் வைத்துவிட்டுப் போனான். பூ மார்க்கெட்டில் ஒரு நாள் தூரத்தில் பார்த்தேன். கூடையை இறக்கிக்கொண்டிருந்தான். நான் நின்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போனான்.

கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்த்து நான் சிரித்தவன். அவன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டியபோது நானும் அதையே கேட்டிருக்க வேண்டும். சங்கிலி, நீ சொன்ன விடு எந்த விடுடா?